நெபுலைசரோடு நின்றுபோகும் வைத்தியம்

உலகில் ஆஸ்துமா உள்ள 100 பேரில் 13 பேர் இந்தியர்கள். ஆஸ்துமாவால் சாகும் 100 பேரில் 42 பேர் இந்தியர்கள். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு 2019-ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீடு இது. அந்த ஓராண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறந்தார்கள். கொரோனா காலத்தில் நாள்தோறும் சாவுக் கணக்கு பார்த்துப் பழகிய நாம், இந்தக் கணக்கை ஒரு நாளும் முதல் பக்கத்தில் பார்த்ததில்லை.

வாகனப் புகை, கட்டுமானத் தூசி, குப்பைமேட்டுத் தீ, போகிப் புகை என்று காரணம் சொல்லிவிடலாம். அவை இளைப்பைக் கிளப்பிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 13-க்கும் 42-க்கும் நடுவே உள்ள இடைவெளியை அவற்றைக் கொண்டு மட்டும் நிரப்ப முடியாது. கெட்ட காற்று நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும். நோய் வந்தவர்களில் இத்தனை பேர் பிழைக்காமல் போவதற்கு வைத்தியமும்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை முதலில் கேட்க வேண்டிய இடம் நம் மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டி.

அங்கே நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு ஆட்டோவிலோ, யாரோ ஒருவரின் பைக்கின் பின்னாலோ ஒருவர் வந்து இறங்குகிறார். ஆஸ்துமா பின்னிரவில்தான் முற்றும். அது இந்த நோயின் இயல்பு. உட்கார வைக்கிறார்கள். நெபுலைசர் மாட்டுகிறார்கள். ஒரு டெரிஃபிலின் ஊசி, ஒரு டெக்ஸா ஊசி. அரை மணி, முக்கால் மணியில் மூச்சு கொஞ்சம் இறங்குகிறது. ‘இப்ப எப்படி இருக்கு?’ ‘பரவாயில்ல சார்.’ மூன்று நாளைக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பத்து நாளோ, ஒரு மாதமோ கழித்து அதே மனிதர் அதே வாசலில். அவர் மூன்றாவது முறை வருகிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிய ஓபி சீட்டு, புதிய டியூட்டி டாக்டர், பழைய நெபுலைசர்.

ஒழுகும் கூரைக்குக் கீழே ஏனம் வைக்கிற வைத்தியம் இது. நெபுலைசரில் போகும் சால்பூட்டமால், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரத்துக்கு விரித்துக் கொடுக்கும். குழாய்ச் சுவரில் இருக்கும் அழற்சியை, வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஆஸ்துமா என்பது அந்த அழற்சிதான். அதைத் தணிப்பது ஸ்டீராய்டு: இளைப்பு முற்றிய வேளையில் மாத்திரையாக, மற்ற நாட்களில் இன்ஹேலர் வழியே மிகச் சிறிய அளவில். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு 1972-இல் சந்தைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய மருந்து. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருந்துக் கணக்கை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைக் குறைந்த அளவிலேனும் விடாமல் எடுத்தவர்களிடம் ஆஸ்துமாச் சாவு குறைந்திருந்தது. நிறுத்தியவர்களிடம் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே அது கூடியிருந்தது. புதிய கண்டுபிடிப்பு எதற்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

கேஷுவாலிட்டியின் முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளப்பதுதான் முதல் வேலை. ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடிகிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், நாடித் துடிப்பு எவ்வளவு, ஊதும் விசை எவ்வளவு. கடைசியில் சொன்னதை அளக்க பீக் ஃப்ளோ மீட்டர் என்றொரு பிளாஸ்டிக் குழல் உண்டு. மின்சாரம் வேண்டாம், டெக்னீஷியன் வேண்டாம், விலை சில நூறு ரூபாய். இரத்த அழுத்தக் கருவி இல்லாத கேஷுவாலிட்டியை நாம் கற்பனை செய்ய மாட்டோம். பீக் ஃப்ளோ மீட்டர் இல்லாத கேஷுவாலிட்டி நமக்கு உறுத்தவே இல்லை.

அதற்குப் பதிலாக எல்லோரும் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார்கள். கொரோனா நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். 96 என்று காட்டினால் நோயாளிக்கும் நிம்மதி, கூட வந்தவருக்கும் நிம்மதி, சில வேளை மருத்துவருக்கும் நிம்மதி. ஆஸ்துமாவில் அந்த எண்ணை நம்பக் கூடாது. மூச்சை இழுத்து இழுத்து உடம்பு ஆக்சிஜன் அளவைக் கடைசி வரை தாக்குப் பிடிக்கும். விழத் தொடங்கும்போது மளமளவென்று விழும். ஊதும் விசை பாதிக்குக் கீழே போய்விட்ட ஒருவருக்கும் ஆக்சிமீட்டர் 95 காட்டலாம்.

இதைவிட ஏமாற்றும் அறிகுறி இன்னொன்று உண்டு. இளைப்பு முற்ற முற்ற விசில் சத்தம் கூடும் என்றுதான் நினைப்போம். உள்ளே போய்வரக் காற்றே இல்லாதபோது சத்தமும் இருக்காது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மார்பு அமைதியாக இருக்கும். ‘வீசிங் நின்னுடுச்சு’ என்று உறவினர் ஆறுதல் அடையும் அந்தக் கட்டத்தில்தான் ஐசியூவுக்கு ஓட வேண்டும். இரத்த வாயுப் பரிசோதனையிலும் இதே கதை. வேகவேகமாக மூச்சு வாங்குபவருக்குக் கரியமிலவாயு குறைவாக இருக்க வேண்டும். அது ‘நார்மல்’ என்று வந்தால், மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அச்சிட்ட தாளில் நார்மல் என்று இருப்பதைப் பார்த்து நகர்ந்துவிடும் ஆபத்தை, இருபத்துநான்கு மணி நேரப் பணியின் இருபதாவது மணியில் நிற்கும் ஒரு பயிற்சி மருத்துவரிடம் விட்டுவைத்திருக்கிறோம். தவறு அவருடையது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. சுவரில் ஒட்டிய ஒரு பக்க வழிமுறைத் தாளும், அழைத்தால் எடுக்கும் ஒரு மூத்த மருத்துவரின் எண்ணும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சால்பூட்டமால். கடுமையாக இருந்தால் கூடவே இப்ராட்ரோப்பியம். முதல் ஒரு மணிக்குள் ஸ்டீராய்டு. விழுங்க முடிகிறவருக்கு பிரட்னிசலோன் மாத்திரை போதும், ஊசிதான் வேண்டும் என்பதில்லை, இரண்டும் ஒரே பலன். அது வேலை செய்யத் தொடங்கச் சில மணி நேரம் ஆகும் என்பதால்தான் முதல் மணிக்குள் என்கிறார்கள். ஆக்சிஜன் அளவோடு. இத்தனைக்கும் அடங்காவிட்டால் 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை 20 நிமிடத்தில் நரம்பு வழியே ஏற்றலாம். பேறுகால வலிப்புக்காக எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருப்பு வைத்திருக்கும் மருந்துதான் அது.

இதில் டெரிஃபிலினைக் காணோமே என்று கேட்பார்கள். உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா, அந்த வகை மருந்துகளை இளைப்பு முற்றிய வேளையில் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. பலன் சொற்பம், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் ஆபத்து பெரிது. ஆனாலும் நம் ஊரில் டெரிஃபிலின் போடாத டாக்டரை மக்களே ஏற்பதில்லை. ‘ஊசி போடலையா?’ என்ற கேள்விக்கு அஞ்சி எழுதப்படும் மருந்துகளின் பட்டியல் நம் நாட்டில் நீளமானது. காய்ச்சலோ நிமோனியாவோ இல்லாத இளைப்புக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பதற்றமாக இருக்கிறார் என்று தூக்க ஊசி போடுவது மட்டும் வேறு ரகம். மூச்சுக்குப் போராடுபவரை மயக்கினால் அந்தப் போராட்டமும் நின்றுவிடும்.

பெரியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு இளைத்தால் தாயும் பாட்டியும் கூடவே இருப்பார்கள், மருந்தை நினைவில் வைப்பார்கள், சரியாகும்வரை நகர மாட்டார்கள். நாற்பது வயதுக்காரர் தனியாக வருகிறார். மூச்சு கொஞ்சம் விட முடிந்ததும் கிளம்பப் பார்க்கிறார். காலையில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ‘அட்மிஷன் வேண்டாம் சார், கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்’ என்பது கேஷுவாலிட்டிகளில் தினமும் கேட்கும் வசனம். பெயிண்ட் ஸ்ப்ரே அடிப்பவர், மாவு மில்லில் நிற்பவர், தோல் பதனிடுபவர் ஆகியோருக்கு அந்த வேலையே நோயாக இருக்கலாம். வார இறுதியில் குறைகிறதா, லீவில் ஊருக்குப் போனால் சரியாகிறதா என்று யாரேனும் கேட்டால்தான் அது தெரியவரும். அப்படிக் கேட்க இரண்டு நிமிடம் வேண்டும்.

பெரியவர்களுக்கு வேறு நோய்களும் இருக்கும், அவற்றுக்கு மருந்துகளும் இருக்கும். கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமலால் சொட்டு மருந்தும் அப்படியே. கண்ணில் விடும் இரண்டு சொட்டு நுரையீரல்வரை போகும் என்று நோயாளி எப்படி நினைப்பார்? மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகைகள் சிலருக்குச் சில மணி நேரத்துக்குள் கடும் இளைப்பைக் கொண்டுவரும். ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்ற ஒரு கேள்வியில் அடுத்த அட்மிஷன் தவிர்க்கப்படலாம். கருவுற்ற பெண்கள் பிள்ளைக்கு ஆகாது என்று இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள், பல வேளைகளில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி. இன்ஹேலரைவிட, தாய்க்கு மூச்சுத் திணறுவதுதான் பிள்ளைக்குக் கேடு. மகப்பேறு மருத்துவரும் நெஞ்சக மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இதை ஒருமுறைகூடச் சேர்ந்து சொல்லாத மருத்துவமனைகள் நம்மிடம் உண்டு.

மிகப் பெரிய ஓட்டை டிஸ்சார்ஜ் நேரத்தில்தான். நோயாளி உயிரோடு வெளியே போகிறார் என்றால் வெற்றி என்று கருதிவிடுகிறோம். பிரிட்டன் அப்படிக் கருதவில்லை. 2012 பிப்ரவரி முதல் 2013 ஜனவரி வரை அங்கே நேர்ந்த 195 ஆஸ்துமாச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கேஸ் தாள்களைப் பிரித்து வைத்து ஆராய்ந்தார்கள். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2014 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. இறந்தவர்களில் 10-இல் ஒருவர், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன 28 நாட்களுக்குள் இறந்திருந்தார். ஏறத்தாழ 5-இல் ஒருவர் அதற்கு முந்தைய ஓராண்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து போயிருந்தார். அதாவது, மருத்துவமனை அவர்களைப் பார்த்திருந்தது, தொட்டிருந்தது, அனுப்பி வைத்திருந்தது. மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட தாள் 100-க்கு 23 பேரிடம்தான் இருந்தது. உடனடி நிவாரண இன்ஹேலர் பற்றிய விவரம் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினர், சாவதற்கு முந்தைய ஆண்டில் 12-க்கு மேல் வாங்கியிருந்தார்கள். ஆறு பேர் 50-க்கு மேல். நிவாரண இன்ஹேலர் மாதம் ஒன்று தீர்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். அந்தக் கணக்கு மருந்துச் சீட்டிலேயே இருந்தது, கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இலவச மருத்துவமும் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவரும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. அந்த அறிக்கைக்குப் பின் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2018 நவம்பரில், மருத்துவமனையில் சேரும் ஆஸ்துமா நோயாளிகளான பெரியவர்களைப் பற்றித் தொடர் தணிக்கை தொடங்கினார்கள். ஒரு மணிக்குள் ஸ்டீராய்டு கொடுத்தீர்களா, பீக் ஃப்ளோ பார்த்தீர்களா, இன்ஹேலர் இழுக்கும் முறையைச் சரிபார்த்தீர்களா, திட்டம் எழுதிக் கொடுத்தீர்களா, அடுத்த சந்திப்பு நாள் குறித்தீர்களா என்று மருத்துவமனை வாரியாகக் கேட்டு வெளியிட்டார்கள். இப்படி ஒரு கேள்வித்தாளை நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிடம் நீட்டினால் என்ன பதில் வரும்? பதில் மோசமாக இருக்கும் என்பதைவிட, பதில் சொல்வதற்கான பதிவேடே இருக்காது என்பதுதான் நம் கவலை.

நம் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டியவருக்கு ஆங்கிலம் தெரியாது. இன்ஹேலர் எழுதியிருந்தாலும் அதை எப்படி இழுப்பது என்று சொல்லித்தர யாருக்கு நேரம்? குப்பியைக் குலுக்கி, மூச்சை முழுக்க விட்டு, வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். முதல்முறை யாருக்கும் இது சரியாக வராது. அழுத்திவிட்டுப் பிறகு இழுப்பவரின் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ‘பம்ப் அடிச்சும் கேக்கல சார்’ என்று திரும்பி வருவார். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற குழலைப் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துபோகும். ஸ்பேசரோடு அடிக்கும் இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்பது பல ஆய்வுகளில் உறுதியான உண்மை. வாங்க வசதியில்லை என்றால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் துளையிட்டுச் செய்யும் ஸ்பேசரே இளைக்கும் குழந்தைகளுக்குப் போதுமானது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் நிறுவினார்கள். காலி பாட்டிலுக்கு நம் ஊரில் பஞ்சமா?

இன்ஹேலர் மீதான பயமும் மருத்துவமனையின் கணக்கில்தான் சேரும். ‘பழகிடும்’, ‘கடைசிக் கட்டத்துக்குத்தான் பம்ப்’, ‘பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், வெளியே தெரியக் கூடாது.’ மாமியார் பார்க்காமல் குளியலறையில் போய் இழுக்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். இன்ஹேலரில் ஒருமுறை போகும் மருந்தின் அளவு மைக்ரோகிராமில். அதற்கு அஞ்சி அதைத் தவிர்ப்பவர் ஆண்டுக்கு நான்கு முறை மில்லிகிராம் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் எடுத்துச் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு ஜூன் மாதமும் மிருகசீரிட நாளில் ஹைதராபாத்தில் உயிர் மீனின் வாயில் மருந்தை அடைத்து விழுங்கப் பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அந்த வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இன்ஹேலரைப் பற்றிப் பேசியிருப்பார் என்று கேட்டுப் பார்த்தால் சிரிப்பு வராது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2012-இல் வெளியான இந்திய ஆய்வொன்று, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 2 பேருக்கு ஆஸ்துமா இருப்பதாகக் கணக்கிட்டது. அதே விகிதத்தை வைத்துப் பார்த்தாலும் நம் மாநிலத்தில் 10 லட்சத்துக்கு மேல் வரும். தாம்பரம் சானடோரியம் 1928 முதல் நெஞ்சக மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற இடம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக மருத்துவத் துறைகள் இருக்கின்றன. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. விபத்துக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அவசர சிகிச்சை வழிமுறை வகுத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கும் ஏற்பாட்டையும் மாநிலம் செய்திருக்கிறது. இத்தனை கட்டுமானம் உள்ள மாநிலத்தில் ஆஸ்துமாவுக்கு மட்டும் வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது கவனத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டம் 2023-இல் பெயர் மாறியபோது ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் அதற்குள் வந்தன. புடசொனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலர் 2022-இன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல இடங்களில் இன்றும் கைக்குக் கிடைப்பது காகித உறையில் சால்பூட்டமால் மாத்திரையும் டெரிஃபிலின் மாத்திரையும்தான். அந்த இன்ஹேலர் ஏன் முக்கியம் என்று ஒரு வார்த்தை: நிவாரணமும் தடுப்பும் ஒரே குப்பியில் இருப்பதால், மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்கும் பழக்கமுள்ள நம்மவருக்கும் அழற்சியைத் தணிக்கும் மருந்து சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. வெறும் நிவாரண மருந்தை இழுத்தவர்களைவிட இதை இழுத்தவர்களுக்குக் கடும் இளைப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே ஜினா, நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழைய முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. அந்தச் சொல் நம் மருந்துக் கிடங்குகளை இன்னும் போய்ச் சேரவில்லை.

பணம் இல்லை என்ற பதிலை நாம் ஏற்பதற்கில்லை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் நோயாளி படுக்கையில் சேர்ந்தால் செலவை ஏற்கும். அவர் சேராமல் இருக்கத் தேவையான இன்ஹேலரை ஏற்காது. வென்டிலேட்டரில் ஒரு நாள் வைக்க ஆகும் செலவில் எத்தனை மாதத்துக்கு இன்ஹேலர் வாங்கலாம் என்று நிதித்துறையே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிரேசிலின் சால்வடோர் நகரில் 2003-ஐ ஒட்டி, கடும் ஆஸ்துமா உள்ளவர்களைத் தேடிப்பிடித்து, இலவச இன்ஹேலரும் சிறப்பு கிளினிக்கும் தந்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 4-இல் 3 பங்கு குறைந்துவிட்டது. பின்லாந்து 1994-இல் பத்தாண்டுத் திட்டம் போட்டது. 1993-இல் ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் 1,10,000, 2003-இல் 51,000. பின்லாந்து பணக்கார நாடு என்று ஒதுக்கலாம். சால்வடோரை அப்படி ஒதுக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது புதிய கட்டடத்தையோ புதிய இயந்திரத்தையோ அல்ல. ஆஸ்துமாவோடு வரும் எந்தப் பெரியவரையும், ஊதும் விசையை அளக்காமல் கேஷுவாலிட்டியிலிருந்து அனுப்பக் கூடாது. அவருடைய வழக்கமான அளவில் 60 விழுக்காட்டைத் தாண்டும்வரை கண்காணிப்பில் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது ஐந்து முதல் ஏழு நாளுக்கான பிரட்னிசலோனும் ஒரு மாதத்துக்கான தடுப்பு இன்ஹேலரும் சீட்டில் எழுதப்படாமல் கையில் கொடுக்கப்பட வேண்டும். அதை அவர் ஒருமுறை இழுத்துக் காட்ட, நர்ஸோ பார்மசிஸ்டோ பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். எந்த அறிகுறி வந்தால் எத்தனை முறை இழுப்பது, எப்போது 108-ஐ அழைப்பது என்று தமிழில் ஒரு பக்கத் தாள். ஒரு வாரத்துக்குள் நெஞ்சக ஓபியில் வரிசையில்லாத ஒரு சந்திப்பு. வராதவரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் தேடிப் போகலாம். சர்க்கரை மாத்திரைக்காக அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே போகிறவர்தானே.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றைத் தமிழ்நாடு வேறு துறையில் செய்து காட்டியிருக்கிறது. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் அந்தச் சாவு எங்கே நேர்ந்தது, எந்த வாசலில் தாமதமானது, யார் எப்போது பார்த்தார்கள் என்று மாவட்ட அளவில் உட்கார்ந்து விசாரிக்கும் தணிக்கை முறையில் இந்தியாவுக்கே முன்னோடி நாம்தான். தாய் மரணங்கள் குறைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஐம்பது வயதுக்குட்பட்ட ஒருவர் ஆஸ்துமாவில் இறந்தால் அதே விசாரணை நடக்கட்டும். தண்டிப்பதற்காக வேண்டாம், தண்டனை பயம் வந்தால் சாவுச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். இப்போதும் அப்படி எழுதப்படுகிறவை எத்தனையோ.

மே மாத முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். வழக்கமாகப் பேரணியும் பலூனும் ரிப்பனும் இருக்கும். அடுத்த மே மாதம் சுகாதாரத் துறை அவற்றை விட்டுவிட்டு, மருத்துவமனை வாரியாக நான்கே எண்களை வெளியிடட்டும்: கடந்த ஓராண்டில் ஆஸ்துமாவோடு எத்தனை பெரியவர்கள் கேஷுவாலிட்டிக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஒரு மணிக்குள் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் தடுப்பு இன்ஹேலரைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்கள், எத்தனை பேர் 28 நாட்களுக்குள் திரும்பி வந்தார்கள், அல்லது இறந்தார்கள். பதிவேடு இல்லாத மருத்துவமனைகள் இன்றிரவு வரும் நோயாளியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.